பதினைஞ்சு விழுந்தால்தான் தெரியும்

இந்த முறை பள்ளிக்கூடக் கதையும் இல்லை, தமிழ் வகுப்புக் கதையும் இல்லை. ஒரு பூதத்துக்கு வர்ணம் பூசுவது எப்படி என்று எழுதப் போகிறேன். பூதத்தின் உயரம் இரண்டு அங்குலம். கை கால் இல்லை, முகம் இல்லை. நிறமும் இல்லை. அதுதான் வில்லங்கமே. கண்ணாடி மாதிரி மறுபக்கம் தெரிகிற ஒன்றுக்கு எப்படிப் பெயின்ற் அடிப்பது?

இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. போன மாதங்களில் இரண்டு மூன்று பெற்றோர் ஒரே மாதிரியான கேள்வியைக் கேட்டார்கள். "பிள்ளை டி அன்ட் டி விளையாடப் போறன் எண்டு நிக்குது. பேய், பிசாசு எண்டு சின்னச் சின்னப் பொம்மை வாங்கிக் கேக்குது. விடலாமோ?" கேட்டவர்கள் எல்லாரும் என்னைப் போலத்தான். இஞ்ச பிறந்தவர்கள், அல்லது அம்மாவின் மடியில் இருந்து பியர்சன் விமான நிலையத்தில் இறங்கியவர்கள். ஹைஸ்கூல் கஃபற்றீரியாவின் ஒரு மூலையில் நாலைந்து பேர் விசித்திரமான பகடைகளை உருட்டிக்கொண்டிருந்ததை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். கிட்டப் போய் என்னவென்று கேட்டவர்கள் குறைவு. இப்போது அந்த மேசை எங்கட வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

முதலில் விளையாட்டைச் சொல்கிறேன். டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. உருவாக்கியவர்கள் கேரி கைகக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர். ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் ஒளிந்து நிற்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு போவார்கள். நினைத்தது நடக்குமா இல்லையா என்பதை 20 முகம் கொண்ட பகடை தீர்மானிக்கும். வெற்றி தோல்வி என்று ஒன்றும் இல்லை, கதை ஓடவேண்டும், அவ்வளவுதான். 1980களில் அமெரிக்காவில் இதைச் சாத்தான் வழிபாடு என்று சொல்லிப் பெரிய பயமொன்று கிளம்பியது. பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று தொலைக்காட்சியில் எல்லாம் பேசினார்கள். அந்தப் பயம் அடங்கிவிட்டது. அன்று விளையாடிய பிள்ளைகள் இன்று பேரப்பிள்ளைகளுக்குப் பகடை வாங்கிக் கொடுக்கிறார்கள்.

இப்போது எங்கட பூதம். அதன் பெயர் ஜெலற்றினஸ் கியூப். தமிழில் சொன்னால் ஜெலிக் கட்டி. பிறந்தநாளுக்கு ஐஸ்கிறீமோடு வைப்பார்களே, அதேதான், ஆனால் நீளம், அகலம், உயரம் எல்லாம் 10 அடி. அந்தக் காலத்து விளையாட்டு வரைபடங்களில் நிலத்தடிப் பாதைகளின் அகலம் பெரும்பாலும் 10 அடி. ஆகவே இந்தக் கட்டி பாதையை முழுதாக அடைத்துக்கொண்டு மெல்ல ஊர்ந்து வரும். சாதாரண மனிசர் ஒரு முறையில் 30 அடி நடந்தால் இது 15 அடிதான் நகரும். ஓடித் தப்பலாம், ஆனால் அது நிற்பது முதலில் தெரிய வேண்டுமே. பாதை வெறுமையாக இருக்கிறது என்று நினைத்து நேரே அதற்குள் நடந்து போவதுதான் ஆபத்து. உள்ளே அகப்பட்டதைக் கரைத்துவிடும். எலும்பும் உலோகமும் கரைய நாளெடுக்கும், அல்லது கரையவே கரையாது. அதனால் வாள், காசு, எலும்புக்கூடு எல்லாம் அந்தரத்தில் மிதப்பது போல உள்ளே தெரியும்.

எந்த நாட்டுப் புராணத்திலும் இல்லாத பூதம் இது. கைகக்ஸ் தன் விளையாட்டுக்காகவே கற்பனை செய்தது. 2020இல் வந்த பிக்ஸார் படம் "ஒன்வேர்ட்", 2023இல் வந்த டி அன்ட் டி படம் இரண்டிலும் இந்தக் கட்டி வருகிறது. பார்த்திருந்தால் உங்கள் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும்.

அஜின்கோர்ட்டில் இருந்துகொண்டு இதை எழுதுவதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோசம். இந்தப் பெயர் பிரான்ஸில் நடந்த ஒரு சண்டையின் பெயர். 1415 ஒக்ரோபர் 25ஆம் தேதி, சேறும் சகதியுமான வயலொன்றில், ஐந்தாம் ஹென்றியின் வில்லாளிகள் பெரிய பிரெஞ்சுப் படையொன்றைத் தோற்கடித்தார்கள். 1858இல் இங்கே தபாற்கந்தோர் திறந்தபோது அந்தப் பெயர் இந்த ஊருக்கு வந்தது. இப்படியான பழைய சண்டைகளை மேசையில் சின்னப் பொம்மைகளை வைத்து ஆடிப் பார்ப்பது ஒரு பொழுதுபோக்கு. அதற்காக 1971இல் கைகக்ஸும் இன்னொருவரும் எழுதிய "செயின்மெயில்" என்ற விதிப் புத்தகத்திலிருந்துதான் டி அன்ட் டி முளைத்தது. அதில் கடைசியில் ஒரு பகுதி மந்திரவாதிகளுக்கும் டிராகன்களுக்கும் ஒதுக்கியிருந்தார்கள். வால் பிறகு நாயை விடப் பெரிதாகிவிட்டது. டி அன்ட் டியின் மிகப் பிரபலமான கற்பனை உலகமான "ஃபொர்கொட்டன் றெல்ம்ஸ்" எங்கே பிறந்தது தெரியுமா? அதை உருவாக்கிய எட் கிரீன்வுட் இஞ்சயிருந்து தூரமில்லாத டொன் மில்ஸில் வளர்ந்தவர், நூலகத்தில் வேலை செய்தவர். "உது அமெரிக்காக்காரன்ரை விளையாட்டு" என்று சொல்லுகிற தாத்தாமாருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியாத சுவர் எங்களுக்கும் புதிசில்லை. மகாபாரதத்தில் மயன் கட்டிய மண்டபத்துக்குள் துரியோதனன் போகிறான். பளிங்குத் தரையைத் தண்ணீர் என்று நினைத்து உடுப்பைத் தூக்கிக்கொண்டு நடக்கிறான், உண்மையான தண்ணீரைத் தரை என்று நினைத்து விழுகிறான். சிரித்தது யார் என்பது கதைக்குக் கதை மாறும். அந்த அவமானத்தின் முடிவில் வருவதும் பகடைதான். மணிமேகலையில் இன்னும் அழகான ஒன்று இருக்கிறது. உதயகுமரன் தேடி வரும்போது மணிமேகலையை ஒரு பளிக்கறைக்குள் வைத்துப் பூட்டுகிறாள் சுதமதி. உள்ளே நிற்பவரின் உருவம் வெளியே தெரியும், குரல் வெளியே கேட்காது. பதின்மூன்று வயதை எட்டுகிற பிள்ளை இருக்கிற வீட்டில் இந்த அறையைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. உருவம் தெரியும். குரல் கேட்காது.

என் மகளுக்கு இப்போது பன்னிரண்டு. பூதம் அவளுடையது. சரி, மேசைக்கு வருவோம்.

சாதாரணப் பொம்மைக்கு வர்ணம் பூசுகிற முறை வேறு. முதலில் கறுப்போ வெள்ளையோ சாம்பலோ பிரைமர் அடித்து முழுதாக மூட வேண்டும், அதன்மேல் நிறம். ஜெலிக் கட்டிக்கு அப்படிச் செய்தால் அது வெறும் செங்கல். மூடினால் பூதம் செத்துப்போகும். ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். எதைப் பூசுவது என்பதை விட எதைப் பூசாமல் விடுவது என்பதுதான் இங்கே வேலை.

தூரிகையைத் தொட முதல், உண்மையில் அரைகுறையாக வெளிச்சம் விடுகிற பொருட்களைப் பிள்ளையோடு இருந்து பாருங்கள். நுங்கு கிடைத்தால் நல்லது. தமிழ்க் கடைகளில் தகரத்தில் அடைத்தது இருக்கும். ஒரு சுளையை ஜன்னலுக்கு நேரே பிடித்தால் நடுவில் தண்ணீர் மாதிரித் தெளிவு, ஓரத்தில் பால் நிறம். அவித்த சவ்வரிசியில் அதற்கு மறுபக்கம்: ஓரம் தெளிவு, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. கண்ணாடிப் போளை ஒன்றை உருட்டிப் பார்த்தால் உள்ளே இருக்கிற வர்ணப் பூ இடம் மாறி வளைந்து தெரியும். நாங்கள் மூன்றையும் ஒரு வெள்ளைத் தட்டில் வைத்துப் பார்த்தோம். மகள் நுங்கைத் தெரிவு செய்தாள். பிறகு அதைச் சாப்பிட்டும் விட்டாள்.

நாங்கள் வாங்கியது தெளிந்த பிளாஸ்ரிக்கில் வார்த்த கியூப். உள்ளே வெறுமை, அடிப்பக்கம் திறந்திருக்கும். அதனால் விளையாடும்போது அகப்பட்டவரின் பொம்மையை அப்படியே மூடிவிடலாம். விளையாட்டு அளவுக்கு ஒரு அங்குலம் ஐந்து அடி, ஆகவே 10 அடிப் பூதம் இரண்டு அங்குலம். கடையில் வாங்காமலும் செய்யலாம். டொலர் கடையில் விற்கிற சின்னத் தெளிந்த பெட்டி ஒன்றும் அதே வேலையைச் செய்யும்.

முதல் வேலை, பாத்திரம் கழுவுகிற சவர்க்காரமும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் போட்டுக் கழுவிக் காயவிடுவது. அச்சிலிருந்து கழன்று வர ஒரு வழுக்கல் பொருள் பூசியிருப்பார்கள், அது இருந்தால் பெயின்ற் ஒட்டாது. அடுத்தது, அச்சு பொருந்திய இடத்தில் இருக்கும் மெல்லிய கோட்டைத் தேய்த்து எடுப்பது. இங்கே பிள்ளைகள் பயந்துவிடுவார்கள். அரத்தாள் பட்ட இடம் வெள்ளை பூத்துப் புகை மூட்டமாகும். பயப்படத் தேவையில்லை. வடை சுத்தின பேப்பரை நினைத்துப் பாருங்கள். எண்ணெய் ஊறின இடத்தில் மறுபக்கத்து எழுத்துத் தெரியும். கடதாசி நார்களின் நடுவே இருக்கிற காற்று இடைவெளிதான் வெளிச்சத்தைச் சிதறடித்து அதை வெள்ளையாகக் காட்டுகிறது. எண்ணெய் அந்த இடைவெளியை நிரப்பினதும் வெளிச்சம் நேரே போகிறது. கீறல் விழுந்த பிளாஸ்ரிக்கும் அப்படித்தான். ஈரம் தொட்டு, வரவர மென்மையான அரத்தாளால் தேய்த்துவிட்டுப் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சுப் பூசினால், அது கீறல்களை நிரப்பித் தெளிவைத் திருப்பிக் கொடுக்கும். அந்த வார்னிஷ்தான் எங்களுக்குப் பிரைமரும். அதன்மேல் பெயின்ற் பிடிக்கும், மறுபக்கமும் தெரியும்.

அடுத்தது உள்ளே இருப்பது. தெளிந்த பூதத்தில் ஆட்கள் உண்மையில் பார்ப்பது அதைத்தான். எங்கட கட்டிக்குள் ஒரு எலும்புக்கூடு, ஒரு வாள், ஒரு மோதிரம். எலும்புக்கு முதலில் வெளிறின மஞ்சள், அதன்மேல் தண்ணியாகக் கரைத்த மண்ணிறம். அது பள்ளங்களில் தேங்கி விலா எலும்புகளைப் பிரித்துக் காட்டும். காய்ந்தபின் தூரிகையைக் கிட்டத்தட்ட உலர்ந்த பதத்தில் வைத்து, மேடுகளில் மட்டும் படும்படி வெள்ளையாக ஒரு தட்டல். வாளுக்குச் சாம்பல், அதன்மேல் செம்மண் நிறத்தில் துரு. கொஞ்சம் கடுமையாகவே பூசுங்கள். மேலே ஒரு நிறத் திரை விழப்போகிறது, மங்கலாகப் பூசியது அதற்குப் பின்னால் காணாமல் போய்விடும்.

இதைச் செய்துகொண்டிருந்தபோது என் அம்மா தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் இருந்தா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தா.

"உள்ளுக்கை கிடக்கிறது ஆர்?"

"நோபடி, அம்மம்மா. ஜஸ்ட் எலும்புக்கூடு."

"அதெப்பிடிப் பிள்ளை? எலும்பெண்டால் அது ஆரோ ஒராளின்ரை தானே."

மகள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள். அம்மா ஏன் அப்படிச் சொன்னா என்று நான் விளக்கப் போகவில்லை. இதை வாசிக்கிற வீடுகளில் அது விளங்கும். ஆனால் பிள்ளை அதைப் பெரிய விசயமாக எடுத்தாள். அரைமணித்தியாலமாக இரண்டு பேரும் இருந்து, அரைத் தமிழும் அரை இங்கிலிஷுமாக, அந்த எலும்புக்கூட்டுக்கு ஒரு ஆளைத் தேடினார்கள். தூது கொண்டுபோன பெண் என்று முடிவாகியது. மற்றவர்களை முன்னே விட்டுவிட்டுக் கடைசியாக வந்தவளாம். கையில் மோதிரம் இருக்கிறபடியால் வீட்டில் யாரோ காத்துக்கொண்டிருக்கிறார்களாம். மகள் மோதிரத்துக்கும் துரு நிறத்தைத் தொட்டபோது அம்மா தடுத்தா.

"பொன் துருப்பிடிக்காது, குஞ்சு."

அது உண்மைதான். வாளில் இருப்பது இரும்பு, காற்றும் ஈரமும் பட்டால் துருவாகும். பொன் ஆகாது. எங்கட கட்டிக்குள் வாள் துருவேறிக் கிடக்கிறது, மோதிரம் மட்டும் இன்றைக்கு வாங்கினது போல மின்னுகிறது. விளையாடுகிற பிள்ளைகள் முதலில் கேட்பது அந்த மோதிரத்தைப் பற்றித்தான்.

எலும்புக்கூட்டை அடித்தட்டில் ஒட்டும்போது ஒரு எச்சரிக்கை. சுப்பர் குளூ வேண்டாம். அது காயும்போது வெளிவிடும் ஆவி தெளிந்த பிளாஸ்ரிக்கில் படிந்து வெள்ளைப் படலமாகிவிடும், மூடிய கட்டிக்குள் இன்னும் மோசம். பிள்ளைகளின் வெள்ளைப் பசை, அதுதான் பிவிஏ, போதும். காய நேரமெடுக்கும், ஆனால் தெளிவாகக் காயும்.

இப்போது நிறம். இதற்கு இரண்டு வழி. ஒன்று, வெளிச்சம் விடுகிற பெயின்ற் என்றே விற்பதை வாங்குவது. டமியா நிறுவனத்தின் கிளியர் கிரீன், எக்ஸ்-25, பலர் பாவிக்கிறது. அதற்கு வாசம் உண்டு, ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். மற்றது, சாதாரணத் தண்ணீர்ச் சாய அக்ரிலிக் பச்சையில் ஒரு துளியைப் பளபளப்பு மீடியம் பல துளியோடு கலப்பது. வெறும் தண்ணீரை மட்டும் அதிகமாகச் சேர்த்தால் சாயம் திட்டுத் திட்டாக ஒதுங்கும். மீடியம் சேர்த்தால் ஒரே சீராக நிற்கும். சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டாவது வழிதான் நல்லது. வாசமில்லை, கையைத் தண்ணீரில் கழுவலாம்.

நிறத்தை வெளியே பூசாமல் கட்டியின் உள்பக்கச் சுவரில் பூசினால் இன்னும் நல்லது. தஞ்சாவூர்க் கண்ணாடிப் படங்களையும் கண்ணாடியின் பின்பக்கத்தில்தான் வரைவார்கள். முன்னால் பார்க்கிறவருக்கு வழவழப்பான கண்ணாடி மட்டும் தெரியும். எங்கட கட்டிக்கும் அப்படித்தான், எத்தனை கை பிடித்தாலும் நிறம் தேயாது. உள்ளே பூசும்போது சாயம் தானாக மூலைகளில் தேங்கும். தேங்கட்டும். கடல் கரையில் தெளிவாகவும் ஆழத்தில் கடும் பச்சையாகவும் தெரிவதற்கும் இதற்கும் ஒரே காரணம். வெளிச்சம் எவ்வளவு கூடத் தூரம் உள்ளே போய் வருகிறதோ, அவ்வளவுக்கு நிறம் கடுக்கும். மூலையும் அடியும் கடுத்து நடு வெளித்தால், இரண்டு அங்குலப் பெட்டி பத்தடி ஆழமாகத் தெரியத் தொடங்கும்.

மெல்லிய பூச்சு, காயவிடு, இன்னொரு மெல்லிய பூச்சு. ஒவ்வொரு முறையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மோதிரம் தெரிகிறதா? தெரிந்தால் நிறுத்தலாம். மூன்றாவது பூச்சுக்குப் பிறகு மகளுக்கு இன்னும் ஒன்று பூசக் கை துடித்தது. நடுப்பக்கத்தை அப்படியே விட்டுவிடுவதுதான் இந்த வேலையில் கஷ்டமான பகுதி. கடைசியாக, வெளியே பன்னிரண்டு விளிம்புகளிலும் வெளிறின பச்சையில் நூல் மாதிரி ஒரு கோடு. நடுவில் ஒன்றுமில்லை, விளிம்பில் மட்டும் வெளிச்சம். "இஞ்ச ஒரு பொருள் இருக்கிறது" என்று கண்ணுக்குச் சொல்ல அது காணும். காற்றுக் குமிழி ஏதும் அகப்பட்டிருந்தால் எடுக்க வேண்டாம், ஜெலிக்கு அது அழகு.

எல்லாம் முடிந்தபின் வெளியே பளபளப்பு வார்னிஷ், மெல்லிய இரண்டு பூச்சு. மற்றப் பொம்மைகளுக்குப் பூசுகிற மங்கல் வார்னிஷ் கூடாது. மங்கலாக்குவதற்கென்று அதில் நுண்ணிய தூள் கலந்திருக்கும். அது வெளிச்சத்தைச் சிதறடித்து, கஷ்டப்பட்டுத் தெளிவாக்கினதை மறுபடியும் பனிமூட்டமாக்கும். பூசினபின் தூசி படாமல் ஒரு கிண்ணத்தால் மூடி, நாள் முழுக்க விடவேண்டும்.

இந்த வேலையில் பூசுகிற நேரத்தை விடக் காத்திருக்கிற நேரம் கூட. பூச்சுக்குப் பூச்சு அரைமணித்தியாலம். கை ஈரம், ஃபோனைத் தொட ஏலாது. கண்கள் இரண்டும் கட்டியில், ஒருவரை ஒருவர் பார்க்கத் தேவையில்லை. அப்படி ஒரு இடைவெளியில், கடைசிப் பூச்சு காய்ந்துகொண்டிருந்தபோது, மகள் விதிப் புத்தகத்தை விரித்து எனக்கு வாசித்துக் காட்டினாள்.

"அம்மா, இதைக் கேளுங்கோ. இது கண்ணுக்கு முன்னாலேயே நிண்டாலும், அசையாமல் நிண்டால் ஒருத்தருக்கும் தெரியாது. டைஸில பதினைஞ்சு விழுந்தாத்தான் தெரியும்."

"அது கஷ்டமே?"

"இருபதில ஆறு சான்ஸ். முப்பது பேர்சன்ற்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, கட்டியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"லஞ்ச் ரைமில நானும் அப்பிடித்தான்."

செப்டெம்பரில் அவள் புதிய பள்ளிக்கூடத்துக்கு மாறியிருந்தாள். பழைய கூட்டாளிகள் வேறு வேறு இடம். ஒவ்வொரு நாளும் "ஸ்கூல் எப்பிடி?" என்று கேட்பேன், "ஃபைன்" என்று பதில் வரும். நாலு மாதம் அந்த "ஃபைன்"தான். எனக்கு அந்த நேரம் வாயில் வந்தது எல்லாம் உங்களுக்கும் தெரிந்ததுதான். ரீச்சரோடு கதைக்கட்டே, நீயாய்ப் போய்க் கதையன், நாங்கள் வந்த காலத்தில் இங்கிலிஷே தெரியாமல் இருந்தனாங்கள். ஒன்றையும் சொல்லவில்லை. கட்டியின் நடுப்பக்கத்தைப் போல விட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"ஆரும் எப்பவாவது பதினைஞ்சு எடுத்தவையோ?"

யோசித்தாள். "ஒராள்," என்றாள். வகுப்பில் ஒரு பிள்ளை, இவள் கொப்பியின் ஓரத்தில் கீறியிருந்த டிராகனைக் கண்டுவிட்டு, சிறகு நல்லாயிருக்கு என்று சொன்னதாம். அவ்வளவுதான். ஒக்ரோபரில் சொன்னது. ஜனவரியிலும் இவளுக்கு அது ஞாபகம் இருந்தது.

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை எங்கட பேஸ்மென்ற்றில் விளையாட்டு. மச்சாள் பிள்ளைகள் இரண்டு பேர், பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று, அந்தச் சிறகைப் பார்த்த பிள்ளையும். கதை சொல்லுபவள் என் மகள். நான் மேலே சமையலறையில் றோல்ஸ் பொரித்துக்கொண்டு கதவைத் திறந்து வைத்திருந்தேன். பாதை நீளமாக இருக்கிறது, வெறுமையாக இருக்கிறது, தூரத்தில் ஏதோ மின்னுகிறது என்று அவள் சொல்லுவது கேட்டது. குரல் பிசிறில்லாமல் கணீரென்று வந்தது. பிறகு பகடை உருளும் சத்தம் நாலுமுறை. மூன்று பேருக்குத் தெரியவில்லை. நாலாவது பகடையில் பதினேழு.

பிறகு தட்டுகளைக் கழுவும்போது நான் கேட்டேன், உன்ரை பொறி பிழைச்சுப் போச்சே, கவலையில்லையோ என்று.

"இல்லை," என்றாள். "அவள் கண்டிட்டாள்."

இனி உங்கட கேள்விகளுக்கு. செலவு எங்களுக்கு ஒரு குடும்பப் பீட்சாவை விடக் கொஞ்சம் கூட வந்தது. கட்டி, ஒரு பச்சை, ஒரு மண்ணிறம், மீடியம், வார்னிஷ், இரண்டு தூரிகை. பெரிய பெட்டியாக வாங்க வேண்டாம், பிள்ளைக்குப் பிடிக்கிறதா என்று பார்த்தபின் வாங்கலாம். இணையத்தில் திரவ ரெசினை ஊற்றி ஜெலிக் கட்டி வார்க்கிற வீடியோக்கள் நிறைய வரும். அழகாகத்தான் இருக்கும். ஆனால் காயாத ரெசின் தோலிலும் மூச்சிலும் படக்கூடாத சாமான். கையுறை, திறந்த ஜன்னல், பெரியவர் கை, மூன்றும் இல்லாமல் வேண்டாம். காசு செலவழிக்க முதல் பிள்ளையை ஒருநாள் காலேஜ் ஸ்ட்ரீற்றில் இருக்கிற லிலியன் எச். ஸ்மித் நூலகக் கிளைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வாசலில் சிறகு முளைத்த சிங்கமும் கிரிஃபினும் வெண்கலத்தில் காவல் இருக்கும். உள்ளே மெரில் கலெக்ஷன் என்று அறிவியல் புனைகதைக்கும் கற்பனைக் கதைகளுக்கும் என்றே ஒரு தொகுப்பு, 1970இல் எழுத்தாளர் ஜுடித் மெரில் கொடுத்த புத்தகங்களில் தொடங்கியது. பார்க்கக் காசில்லை.

கடைசியாக ஒன்று. பிள்ளை பெயின்ற் பண்ண இருந்தால் நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டாம். மேசையில் பழைய பேப்பரை விரித்து, இரண்டாவது தூரிகையை எடுத்துக்கொண்டு நீங்களும் இருங்கள். உங்களுக்கு வாளைத் தருவார்கள், துரு அடிக்க. நல்ல வேலை அது. பிழையாக வந்தாலும் துரு மாதிரித்தான் இருக்கும்.